குன்னூர் ட்ரூக் கோட்டையைக் கட்டியது திப்பு சுல்தானா? அங்கே எதற்கு ஒரு கோட்டை?

கோயம்புத்தூரிலிருந்து குன்னூருக்கு வந்து ட்ரூக் வரை நடந்து போன நண்பர் ஒருவர், இறங்கி வந்ததும் என்னிடம் மூன்று கேள்விகள் கேட்டார். இதைத் திப்பு கட்டினாரா? மேலே இடிந்த சுவரைத் தவிர ஒன்றுமே இல்லையே, இதற்குப் பெயர் கோட்டையா? ஊரும் இல்லாத, அரண்மனையும் இல்லாத அந்த உச்சியில் யாரைத் தடுக்கச் சுவர் எழுப்பினார்கள்?

மூன்றாவது கேள்விதான் முக்கியமானது. அதற்குப் பதில் கிடைத்துவிட்டால் மற்ற இரண்டும் தானாகவே தெளிந்துவிடும்.

முதலில் பெயர். 'ட்ரூக்' என்று நாம் சொல்வது துர்க்கம் என்ற சொல்லை வெள்ளைக்காரர்கள் எழுதிய விதம். துர்க்கம் என்றால் எளிதில் ஏற முடியாத அரண். முழுப்பெயர் ஹுலிக்கல் துர்க்கம். கன்னடத்திலும் படுகு மொழியிலும் 'ஹுலி' என்றால் புலி, ஆகவே புலிக்கல். ஆளைக் கொன்று திரிந்த ஒரு புலியை அங்கே கொன்றார்கள், அந்த இடத்துக் கல்தான் ஊருக்குப் பெயர் கொடுத்தது என்பது ஹுலிக்கல் ஊர்க்கதை. நம்மூர் ஆட்கள் இந்த மலையைப் பக்காசூரன் மலை என்பார்கள். வண்டி வண்டியாய்ச் சோறு தின்று பீமன் கையால் செத்த பகாசுரன் இங்கேதான் இருந்தானாம். சின்ன வயதில் எங்களுக்கும் இதைச் சொல்லித்தான் சோறு ஊட்டினார்கள். வரலாற்றுக்கு அது உதவாது. ஆனாலும் ஊர்க்காரர்களின் மனத்தில் அந்த மலைக்கு இருந்த பயம் அந்தக் கதையில் இருக்கிறது.

நான் முதல்முறை அங்கே போனது ஒன்பதாம் வகுப்பு படிக்கும்போது. நான்சச் எஸ்டேட் வழியாகத் தேயிலைக்குள் நடந்து, அப்புறம் சோலைக்குள் ஏறி, மூச்சு வாங்க உச்சியைத் தொட்டோம். செஞ்சிக் கோட்டையைப் படத்தில் பார்த்திருந்த எனக்கு அழுகையே வந்துவிட்டது. இடுப்பளவுகூட இல்லாத கல்சுவர், நடுவில் புல், அவ்வளவுதான். அப்போது மூடுபனி வேறு. பத்தடிக்கு அந்தப் பக்கம் எதுவும் தெரியவில்லை. திரும்பலாம் என்று கிளம்பும் நேரத்தில் காற்று வீசிப் பனி விலகியது. கீழே மேட்டுப்பாளையம், பவானி ஆறு, அதற்கும் அப்பால் கோவைச் சமவெளி முழுவதும் ஒரே பார்வையில் விரிந்தது. அந்த இடத்தின் உயரம் சுமார் 6,000 அடி, மேட்டுப்பாளையம் ஏறக்குறைய 1,000 அடி. 5,000 அடிக்கு மேலே நின்றுகொண்டு கீழே நகர்கிற எதையும் பார்க்கலாம். கோட்டை எதற்கு என்பது எனக்கு அந்த நிமிடத்தில் பாதி புரிந்தது. மீதியைப் புரிந்துகொள்ளப் பல வருடங்கள் ஆயின.

நீலகிரியில் இருந்த பழைய கோட்டை இது ஒன்று மட்டும் இல்லை. மேலே மூன்று கோட்டைகளைச் சொல்வார்கள்: குன்னூருக்குத் தெற்கே ஹுலிக்கல் துர்க்கம், வடக்கே சீகூர் பக்கம் பார்த்த மலைக்கோட்டை, கிழக்கே கோத்தகிரிப் பக்கத்தில் உடையராயன் கோட்டை. கீழே, மலையடிவாரத்தில் நான்காவதாக ஒன்று: பவானியும் மோயாறும் கூடும் இடத்துக்கு அருகே இருந்த தணாயக்கன் கோட்டை. ஒரு தாளில் நீலகிரியை வரைந்து இந்த நான்கையும் குறித்துப் பாருங்கள். ஒவ்வொன்றும் ஒரு தடத்தின் வாயிலில் இருக்கும். சீகூர்த் தடம் மைசூர்ச் சீமையிலிருந்து ஏறி வருவது. தணாயக்கன் கோட்டையிலிருந்து கிழக்கு விளிம்பில் ஏறி, தெனாடு வழியாகக் கோத்தகிரிப் பக்கம் வருவது இன்னொன்று. குன்னூர்ப் பள்ளத்தாக்கு மேட்டுப்பாளையத்துக்கு இறங்குவது.

மேற்கே குந்தா பக்கம் கோட்டை ஏன் இல்லை என்றும் கேட்கலாம். அங்கேயும் மலையாளத்துப் பக்கத்திலிருந்து ஆள் ஏறும் தடம் இருந்தது. 1603-இல் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஃபெனிசியோ என்ற யேசு சபைப் பாதிரியார் அந்த வழியாகத்தான் ஏறி வந்து, மலையில் வாழ்ந்த தோடர்களையும் படுகர்களையும் பார்த்து எழுதி வைத்தார். ஆனால் செங்குத்துப் பாறையும், தென்மேற்குப் பருவத்தில் மாதக்கணக்கில் ஓயாத மழையும் உள்ள அந்தப் பக்கத்தில் படை ஏறுவது நடக்காத காரியம். இயற்கையே அங்கே காவல் நின்றது.

பழைய தமிழ் மரபில் அரண்களை நீரரண், நிலவரண், மலையரண், காட்டரண் என்று நான்காகப் பிரிப்பார்கள். நீலகிரிக்கு நான்குமே வாய்த்திருந்தன. வடக்கே மோயாறு வெட்டிய பள்ளம் சுமார் 20 கிலோமீட்டர் நீளத்துக்கு அகழி மாதிரி கிடக்கிறது, அதற்கு மைசூர்ப் பள்ளம் என்றே பெயர். சுற்றிலும் செங்குத்தான மலைச்சரிவு. அடிவாரத்தில் அடர்ந்த காடு. அந்தக் காட்டில் இரவு தங்கியவர்களைப் பிடிக்கும் மலைக்காய்ச்சல், எந்தப் படைக்கும் பெரிய எதிரி. இவ்வளவும் இருக்கும்போது யாராவது மலையைக் காப்பாற்ற மதில் கட்டுவார்களா?

ஆகவே என் பதில் இதுதான்: இந்தக் கோட்டைகள் மலையைப் பகைவரிடமிருந்து காக்க எழுந்தவை அல்ல. சமவெளியில் இருந்த அரசுகள் மலை மேல் கை வைப்பதற்காக, தடங்களின் வாயில் வைத்த காவல் சாவடிகள் இவை. ஒரு கண் கீழே கணவாயின் மேல், இன்னொரு கண் மேலே ஹட்டிகளின், அதாவது படுகர் ஊர்களின் மேல். கணவாயில் படை வருகிறதா என்று பார்க்க வேண்டும், ஹட்டியிலிருந்து வரி வருகிறதா என்றும் பார்க்க வேண்டும். இதற்கு நாற்பது ஐம்பது ஆள் தங்க இடமும், சுற்றி ஒரு கல்சுவரும் போதும். செஞ்சியைப் போல எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான் மிஞ்சும்.

இந்தக் கை வைக்கும் வேலை திப்புவுக்கு ஏறக்குறைய 700 வருடங்களுக்கு முன்பே தொடங்கிவிட்டது. ஹொய்சள மன்னன் விஷ்ணுவர்த்தனனின் தளபதி புணிசன். சாமராஜநகரில் உள்ள சமணக் கோயிலில் 1117-ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று அவன் வீரத்தைப் பாடுகிறது. தோடரை நடுங்க வைத்தான், கொங்கரை நிலத்துக்குள் ஒளிய விரட்டினான், நீலமலைக்குள் புகுந்து அதன் சிகரத்தை வெற்றித் திருமகளுக்குக் காணிக்கையாக்கினான் என்று போகிறது அந்தப் புகழ்ச்சி. நீலமலை என்ற பெயரும் தோடர் என்ற பெயரும் எழுத்தில் வந்தது இங்கேதான் முதல்முறை என்று சொல்வார்கள். எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் மனம் கனக்கும். எருமை மேய்த்துப் பால் கறந்து வாழ்ந்த தோடர்கள் ஆயுதம் எடுத்துப் போருக்குப் போன மக்களே இல்லை. அவர்கள் பெயர் வரலாற்றில் ஏறிய முதல் வரியிலேயே 'நடுங்க வைத்தான்' என்று இருக்கிறது.

புணிசன் வந்தான், போனான். நிலையாகக் கை வைத்தவர்கள் அவனுக்குப் பின்னால் வந்த தண்டநாயகர்கள். தண்டநாயகன் என்றால் படைத்தலைவன். அந்தச் சொல்தான் மக்கள் வாயில் தணாயக்கன் ஆனது. ஹொய்சளர்களுக்குக் கீழே தெரக்கணாம்பி பக்கம் ஆண்ட பெருமாள் தண்டநாயகனும், அவன் மகன் மாதவ தண்டநாயகனும் நீலகிரியை அடக்கியவர் என்ற பொருளில் பட்டம் வைத்துக்கொண்டார்கள். 'நீலகிரி சாதாரன்' என்பது அந்தப் பட்டம். அடிவாரத்தில் இருந்த தணாயக்கன் கோட்டைக்குப் பெயர் இந்தக் குடும்பத்திலிருந்து வந்தது. அங்கே எழுந்த பெருமாள் கோயிலையும் மாதவராயப் பெருமாள் கோயில் என்றுதான் சொல்கிறார்கள். மலையை ஆள வேண்டுமென்றால் மலையில் உட்கார வேண்டாம், தடம் தொடங்கும் இடத்தில் உட்கார்ந்தால் போதும் என்று கணக்குப் போட்டவர்கள் அவர்கள். அந்தக் கணக்கு அதற்கப்புறம் 500 வருடங்களுக்கு மாறவில்லை.

ஹொய்சளர்களுக்குப் பின் விஜயநகரம், அதற்குக் கீழே உம்மத்தூர்ச் சிற்றரசர்கள். உடையராயன் கோட்டைக் கதை இந்தக் காலத்தது. உம்மத்தூர் அரசனுக்காக மலையில் வரி வாங்க வந்தவன் உடையராயன் என்றும், நெடுகுளா பக்கத்துப் படுகப் பெண்ணை அவன் மணந்தான் என்றும் படுகர்கள் சொல்வார்கள். அவன் புலால் உண்பவன் என்பதால் அந்தப் பெண் அவனோடு சேர்ந்து வாழாமல் தனியே இருந்தாளாம். இது கல்வெட்டில் உள்ள செய்தி கிடையாது, வாய்வழிக் கதைதான். ஆனால் கோட்டையில் இருந்தவனுக்கும் ஹட்டியில் இருந்தவர்களுக்கும் நடுவே என்ன உறவு இருந்தது என்பதை இதைவிடச் சுருக்கமாகச் சொன்ன கல்வெட்டு எதையும் நான் பார்த்ததில்லை. வரி கொடுத்தார்கள், பெண்ணும் கொடுத்தார்கள், அடுப்பை மட்டும் பிரித்தே வைத்தார்கள்.

படுகர் என்ற பெயரே வடக்கிலிருந்து வந்தவர்கள் என்ற பொருளில் வந்தது. மைசூர்ச் சீமையில் நடந்த குழப்பங்களுக்குப் பயந்து மலையேறி வந்தோம் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்வது. பயந்து வந்தவர்களைத் தேடி அதே சீமையின் வரிக்காரனும் பின்னாலேயே ஏறி வந்திருக்கிறான். அவனுக்குக் கொடுக்க அவர்களிடம் என்ன இருந்தது? சாமை, கோதுமை, வாற்கோதுமை, நெய். இவற்றில்தான் தோடர்களுக்கும் ஒரு பங்கு தானியம் போகும், கோத்தர்களின் இரும்பு வேலைக்கும் பானைக்கும் ஒரு பங்கு போகும். அதற்கு மேல் கோட்டைக்கும் ஒரு பங்கு. மலையில் அன்றைக்கு வாழ்ந்தவர்கள் சில ஆயிரம் பேர்தான். பெரிய வருமானம் என்று சொல்ல முடியாது. இருந்தும் ஒவ்வொரு அரசும் இதை விடாமல் பிடித்துக்கொண்டதற்குக் காரணம் வரி மட்டும் இல்லை. கீழே இருந்த கணவாய்தான்.

அது கஜலட்டிக் கணவாய். மைசூர் மேட்டிலிருந்து மோயாற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கி, தணாயக்கன் கோட்டை, சத்தியமங்கலம் வழியாகக் கொங்கு நாட்டுக்குள் வரும் வழி. 17-ஆம் நூற்றாண்டில் மைசூர் உடையார்களும் மதுரை நாயக்கர்களும் இந்தப் பக்கத்தில் மோதிக்கொண்டார்கள். கடைசியில் கொங்கு நாட்டின் பெரும்பகுதி மைசூர் கைக்குப் போனது. அப்புறம் ஹைதர் அலி, அவருக்குப் பின் திப்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து கோயம்புத்தூருக்கும் பாலக்காட்டுக்கும் படை போக வேண்டுமென்றால், இந்த மலையின் காலடியைச் சுற்றித்தான் போக வேண்டும். அப்படியானால் மலை விளிம்பில் நமக்கு ஒரு கண் வேண்டும் என்று எந்தத் தளபதியும் நினைப்பான்.

அது எவ்வளவு அவசியம் என்பது 1790-இல் தெரிந்தது. மூன்றாம் மைசூர்ப் போர். ஜெனரல் மெடோஸ் தலைமையில் கும்பினிப் படை, அதாவது ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படை, கோயம்புத்தூரைப் பிடித்து, அங்கிருந்து மைசூருக்கு ஏறத் திட்டம் போட்டது. முன்னணியில் கர்னல் ஃபிளாய்ட் சத்தியமங்கலத்தில் இருந்தார். செப்டம்பரில் திப்பு தன் பெரும்படையோடு கஜலட்டிக் கணவாய் வழியாக இறங்கி அவர் மேல் பாய்ந்தார். செப்டம்பர் 13, 14 தேதிகளில் நடந்த சண்டைக்குப் பின் ஃபிளாய்ட் சில பீரங்கிகளை அப்படியே விட்டுவிட்டுப் பின்வாங்க வேண்டியதாயிற்று. அந்தக் கணவாய் யார் கையில் இருக்கிறதோ அவருக்குத்தான் கொங்கு நாடு என்ற நிலை அன்றைக்கு.

இப்போது திப்பு பற்றிய கேள்விக்கு வருகிறேன். ஹுலிக்கல் துர்க்கத்திலும் மலைக்கோட்டையிலும் மைசூர்ப் படைக்காவல் இருந்தது, திப்பு காலத்தில் அவை புறக்காவல் நிலைகளாகப் பயன்பட்டன. அதுவரை சரி. ஆனால் "திப்பு கட்டிய கோட்டை" என்று பலகையில் எழுதுவதுபோலச் சொல்வதை நான் ஏற்கமாட்டேன். தடத்தின் வாயில் காவல் வைக்கும் வழக்கம் அவருக்குப் பல நூற்றாண்டு முந்தியது. துர்க்கம் என்ற பெயரும் அந்தப் பழைய கன்னட ஆட்சியின் வாடையோடுதான் இருக்கிறது. இருந்த இடத்தைப் பழுது பார்த்து ஆள் வைத்தார் என்று சொன்னால் பொருந்தும். தென்னிந்தியாவில் இடிந்து கிடக்கும் மலைக்கோட்டை எதைப் பார்த்தாலும் "திப்பு கட்டியது" என்று சொல்லிவிடும் பழக்கம் நமக்கு இருக்கிறது. அப்படிச் சொல்லும்போது அதற்கு முன்னால் அங்கே நின்றவர்கள் எல்லோரும் மறைந்துபோகிறார்கள்.

சுரங்கக் கதையையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். "ட்ரூக்கிலிருந்து மைசூர் அரண்மனைக்குச் சுரங்கம் போகிறது" என்று குன்னூரில் எந்த டீக்கடையில் கேட்டாலும் சொல்வார்கள். நேர்கோட்டில் அளந்தாலே சுமார் 100 கிலோமீட்டர். நடுவே மோயாற்றுப் பள்ளம் மலையையே இரண்டாகப் பிளந்து கிடக்கிறது. அதன் அடியில் சுரங்கம் போக வாய்ப்பே இல்லை. தயவுசெய்து பிள்ளைகளுக்கு இதை வரலாறு என்று சொல்லிக்கொடுக்காதீர்கள். உண்மையில் நடந்ததே போதுமான அளவு சுவாரசியமாக இருக்கிறது.

1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது, திப்பு உயிரிழந்தார். கோயம்புத்தூர்ச் சீமையோடு நீலகிரியும் கும்பினிக்குப் போயிற்று. அன்றோடு இந்தக் கோட்டைகளின் வேலையும் முடிந்தது. அவற்றை யாரும் முற்றுகை இட்டுத் தகர்க்கவில்லை. எல்லை இல்லாமல் போனது, அவ்வளவுதான். மைசூருக்கும் கொங்குக்கும் நடுவே காவல் காக்க ஒரு கோடு இருந்தவரை அந்தச் சுவர்களுக்கு அர்த்தம் இருந்தது. இரண்டு பக்கமும் கும்பினியின் சொல் செல்லும் என்றானபின், அந்தக் குளிரில் ஒரு காவலாளிக்குச் சம்பளம் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

வேடிக்கை என்னவென்றால், வெள்ளைக்காரர்கள் மலையேற வந்தபோதும் அதே பழைய தடத்தைத்தான் பிடித்தார்கள். 1812-இல் கீஸ், மக்மஹன் என்ற இரண்டு நில அளவைக்காரர்கள் தணாயக்கன் கோட்டையிலிருந்து தெனாடு வழியாக ஏறினார்கள். 1819-இல் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் வந்தார். அதற்கு அடுத்த இருபது வருடங்களில் சிறுமுகை–கோத்தகிரிப் பாதை, குன்னூர்க் கணவாய்ச் சாலை, சீகூர்ச் சாலை எல்லாம் உருவாயின. கவனித்துப் பாருங்கள்: கிழக்கு, தெற்கு, வடக்கு. பழைய கோட்டைகள் காவல் காத்த அதே மூன்று திசைகள். ஹுலிக்கல் துர்க்கம் பார்த்துக்கொண்டிருந்த குன்னூர்ப் பள்ளத்தாக்கில் 1899-இல் மலை ரயிலும் ஏறி வந்துவிட்டது. படை வருகிறதா என்று பார்க்க நின்ற இடத்திலிருந்து இன்றைக்குப் பர்லியார் வளைவுகளில் நிற்கும் வாகன வரிசையைப் பார்க்கலாம்.

இன்றைய நிலை பற்றி எனக்கு வருத்தம் உண்டு. சுவரின் கற்களில் பெயர் எழுதிவிட்டுப் போகிறார்கள். பாட்டில்களை உடைத்துப் போடுகிறார்கள். நான் பள்ளிக்கூட வயதில் பார்த்த சுவரில் பாதிகூட இப்போது இல்லை. நெருப்பு மூட்டி அடுப்புக் கூட்டக் கல்லை உருவுவதை என் கண்ணாலேயே பார்த்து, சண்டை போட்டுத் திரும்ப வைக்கச் சொன்னேன். இடுப்பளவுச் சுவர்தானே என்று நினைக்கிறார்கள். அந்த இடுப்பளவுதான் மிச்சம்.

போக நினைப்பவர்களுக்கு ஒன்றிரண்டு விஷயம். மழைக்காலம் வேண்டாம், அட்டைக்கடியும் மூடுபனியும் மட்டும்தான் கிடைக்கும். டிசம்பர் கடைசியிலிருந்து மார்ச் வரை நல்லது, காலை பத்து மணிக்குள் உச்சியில் இருக்கப் பாருங்கள். எஸ்டேட் வழியாகப் போவதால் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு போங்கள், காட்டுமாடு நிற்கும் இடம், தனியாகப் போகாதீர்கள். ஏற முடியாதவர்கள் லாம்ஸ் ராக் காட்சிமுனையில் நின்று பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் பார்த்தாலே துர்க்கத்தின் முழு உருவமும் தெரியும். ஏன் அந்த முனையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது உள்ளே நின்று பார்ப்பதைவிட இங்கிருந்து பார்த்தால் நன்றாகப் புரியும்.

ஒரு நாள் கூடுதலாக இருந்தால் கோத்தகிரியிலிருந்து கோடநாடு காட்சிமுனைக்கும் போய் வாருங்கள். கீழே மோயாறு வளைந்து வளைந்து தெங்குமரஹடா என்ற ஊரைக் கடந்து போவது தெரியும், அதுதான் கஜலட்டிப் பள்ளத்தாக்கு. ஆறு போய்ச் சேரும் திசையில், வெயில் தெளிவாக இருந்தால், பவானிசாகர் நீர்ப்பரப்பு பளபளக்கும். 1955-இல் அணை கட்டி முடிந்தபோது தணாயக்கன் கோட்டை அந்தத் தண்ணீருக்குள் போய்விட்டது. மக்கள் வேறு இடத்துக்குக் குடிபெயர்ந்தார்கள். மழை பொய்த்து நீர்மட்டம் வெகுவாக இறங்கும் வருடங்களில் மாதவராயப் பெருமாள் கோயில் சேறும் பாசியுமாக வெளியே வரும். அப்போது சுற்று வட்டாரத்து ஜனங்கள் பரிசல் பிடித்துப் போய்ப் பார்த்துவிட்டு வருவார்கள்.